கயிலைச் சிகரமும் மிதியாத காலும்

திருக்கயிலாய மலையின் சிகரத்தில் மானுடர் எவரேனும் ஏறி நின்றதாக நம்பத்தக்க பதிவு ஒன்றும் இன்றுவரை இல்லை. எவரெஸ்டுச் சிகரத்தை 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் தேதி இருவர் மிதித்தனர். எண்ணாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களும் 1950 முதல் 1964 வரையுள்ள பதினைந்து ஆண்டுக்குள்ளே ஒன்றும் எஞ்சாமல் மனிதர் காற்கீழ் வந்துவிட்டன. கயிலையோ 6,638 மீற்றர் உயரமுடையதெனக் கணிக்கப்படுவது. எவரெஸ்டினும் இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் தாழ்ந்தது. உயர்ந்தன யாவும் மிதியுண்டிருக்க, தாழ்ந்ததாகிய அஃதொன்று மிதியுண்ணாது நிற்றல் எற்றுக்கு?

சமய பாடத்தையும் பூமிசாத்திரத்தையும் ஒருவரே கற்பிக்கும் சிறிய பாடசாலைகளில் இவ்வினா எழுதல் இயல்பு. காரைக்காலம்மையார் தலையாலே நடந்து கயிலை சேர்ந்த சரித்திரத்தைச் சொல்லிமுடித்த ஆசிரியரை நோக்கி, கூர்த்த அறிவுடைய பிள்ளை ஒன்று, “ஐயா, எவரெஸ்டில் ஏறினவர்கள் கயிலையில் ஏன் ஏறவில்லை? ஏற முடியாதா, ஏறக் கூடாதா?” என்று கேட்குமாயின், யாது விடை கூறுவது? முடியாது என்பது ஆற்றலைப் பற்றிய சொல். கூடாது என்பது அறத்தைப் பற்றிய சொல். இரண்டையும் ஒன்றாக மயங்கவைத்து விடையிறுத்தல் நம்மவர் பலரிடத்துக் காணப்படும் வழக்கம். அம்மயக்கம் சிறிதன்று என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் அம்மலை நிற்கும் நிலத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். பாலை என்றவுடன் நம் பிள்ளைகளின் உள்ளத்தில் எழுவன வெயிலும் மணலும் ஒட்டகமுமே. மழை குறைந்த நிலம் பாலை. அது வெம்மையும் உடையதாதல் வேண்டுமென்னும் நியதி இல்லை. இந்துசமுத்திரத்தினின்றும் எழுந்து வடக்கு நோக்கிச் செல்லும் மழைமுகில்கள் இமயத்தின் தென்சரிவிலே மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, தம்மிடத்துள்ள நீரின் பெரும்பகுதியை அங்கேயே சொரிந்துவிடுகின்றன. மலைக்கு அப்பால் இறங்குவது வறண்ட காற்று. ஆதலின் மேலைத் திபேத்து மழைமறைவிலே கிடக்கின்றது. அங்கே மரம் காண்டல் அரிது. புல்லும் குட்டையாய், கல்லோடு ஒட்டிக் கிடக்கும். இத்தகைய குளிர்ப்பாலையின் நடுவே மானசரோவரம் என்னும் நன்னீர்த் தடாகமும், அதற்கு வடக்கே தனித்து நிற்கும் கயிலைச் சிகரமும் உள்ளன. தடாகத்தின் நீர், வானத்து மழையினும் மலைப்பனி உருகி வரும் ஓடைகளாற் பெரிதும் நிரம்புவது. கந்தளாய்க் குளத்தை மாரிமழை நிரப்புதலைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லிவைத்தல் நன்று.

காற்றினியல்பைக் கூறுமிடத்து நம் மாவட்டத்திலேயே உவமை உண்டு. ஆனி ஆடி மாதங்களிற் கச்சான் வீசும்போது உதடு வெடித்தலும், கொடியிற் போட்ட துணி கணத்திற் காய்தலும், குளத்தின் நீர்மட்டம் இறங்குதலும் யாவரும் அறிந்தன. அவ்வறட்சியோடு உறைகுளிரைக் கூட்டிப் பார்க்க. ஆயிரம் மீற்றர் மேலேறுந்தோறும் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை குறையும். கந்தளாயில் 30 பாகையாக உள்ள பொழுதிலே, அதே அளவாற் கணக்கிடின் 5,600 மீற்றர் உயரத்தில் வெப்பநிலை நீர் உறையும் நிலைக்குக் கீழே ஆறு பாகையாகும். இஃது அமைதியான பகற்பொழுதின் கணக்கு. காற்று வீசுமாயின் துன்பம் பன்மடங்கு. நம்முடம்பைச் சூழ்ந்து மெல்லியதொரு வெப்பப் போர்வை எப்பொழுதும் உண்டு. உடம்பே அதனை ஆக்கிக்கொள்ளும். காற்று அப்போர்வையைக் கணந்தோறும் பறித்துச் செல்ல, உடம்பு மீண்டும் மீண்டும் புதியதொன்றை ஆக்கித் தளரும். விரல்நுனி, மூக்குநுனி, காதுமடல் என்பனவற்றினின்றும் குருதி பின்வாங்கும். அவ்விடத்துத் தசை உறைந்து கருகுதலும் உண்டு. அந்நிலத்தில் விடியற்காலை அடங்கியிருக்கும் காற்று வெயிலேறிய பின் வலுத்துப் பிற்பகல் முழுதும் வீசுமாதலின், வழிப்போவோர் இருள் விலகுமுன்னரே புறப்படுவர்.

இனி, மூச்சு. ஐயாயிரத்தைந்நூறு மீற்றர் உயரத்திற் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதிற் பாதியே. கயிலையை வலம்வருவோர் ஐம்பத்திரண்டு கிலோமீற்றர் வழியிற் கடக்கும் மிகவுயர்ந்த இடமாகிய டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேற்பட்டது. அங்கே பத்தடி நடந்தவன் இளைப்பாற வேண்டியவனாகின்றான். தலைநோவு, உணவில் வெறுப்பு, உறக்கமின்மை என்பன முதலில் வரும். நுரையீரலில் நீர்கோத்தலும் மூளை வீங்குதலும் வருமாயின், காலந்தாழ்த்தாது கீழிறங்குதலே தலையாய மருந்து. மலையடிவாரத்து ஊராகிய டார்சென்னிலே நீர் ஏறக்குறைய 85 பாகையிற் கொதித்துவிடுதலால், சாதாரணப் பானையில் அரிசி செவ்வையாக வேகாது. சோறுண்டு பழகிய யாத்திரிகர்க்கு இஃதொரு சிறு தவம் என்று சொல்லலாம்.

இத்துணையும் கேட்ட பிள்ளை, “அப்படியாயின் ஏற முடியாதுதானே” என்று சொல்லிவிடும். நம்முள்ளும் பலர் அவ்விடையோடு அமைதியடைகின்றனர். அமைதியடைவதோடு நில்லாது, கைத்தொலைபேசி வழியாக உலாவும் கதைகளையும் அதனோடு சேர்த்துக்கொள்கின்றனர். கயிலையை நெருங்கினவர்க்குச் சில மணி நேரத்திலே நகமும் மயிரும் பல வாரத்து அளவு வளர்ந்தன என்றும், ஏறப் புகுந்தவர் ஓராண்டில் மூப்படைந்து இறந்தனர் என்றும், அது மலையன்று, மனிதர் கட்டிய கூர்ங்கோபுரம் என்றும் சொல்லப்படுகின்றன. இவற்றுக்கு ஆதாரம் யாதொன்றும் இல்லை. சைவ ஆசிரியர் இவற்றை வகுப்பிலே சொல்லுதல் தகாது என்பது என் துணிபு. பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் சென்று அக்கதை பொய்யென்று அறியும் நாளில், அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அம்மையார் சரித்திரத்தையும் அப்பொய்யோடு ஒருங்கே எறிந்துவிடும். அக்குற்றம் பிள்ளையினுடையதன்று.

அன்றியும், ஏற இயலாமையே தெய்வத்தன்மைக்குச் சான்று என்போமாயின், நாளை ஒருவன் ஏறிவிட்டால் அத்தெய்வத்தன்மை யாதாம்? 2005ஆம் ஆண்டு மே மாதத்திற் பிரெஞ்சு நாட்டு விமானி ஒருவர் எவரெஸ்டின் உச்சியிலேயே ஹெலிகொப்டரை இறக்கிக் காட்டினார். அதனிலும் தாழ்ந்த கயிலை அத்தகைய பொறிக்கு எட்டாதது என்று எவர் சொல்ல வல்லார்? பாறையின் செங்குத்தை நம்பிச் சமயத்தை நிறுத்துவோர், பாறையை வெல்லும் கருவி வந்தவுடன் சமயத்தை இழப்பர்.

உண்மை வரலாறு கூறுவது வேறு. 1926ஆம் ஆண்டில் அல்மோராவில் ஆங்கில அரசின் அதிகாரியாயிருந்த ஹியூ ரட்லெட்ஜ் என்பவர் கயிலையை வலம்வந்தார். பின்னாளில் 1933இலும் 1936இலும் எவரெஸ்டு முயற்சிகளுக்குத் தலைமை வகித்தவர் இவரே. கயிலையின் வடமுகத்தைக் கண்டு, அவ்வழியே ஏறுதல் முற்றிலும் இயலாதென்று அவர் கருதினார். அவருடன் சென்றிருந்த வில்சன் என்னும் படைத்தலைவர் மற்றொரு புறத்திலிருந்து நோக்கி, ஏறத்தக்க முகடு ஒன்று உண்டென எண்ணினார். பனிப்பொழிவு அம்முயற்சியைத் தடுத்தது. அஃதாவது, வல்லுநர் கண்ணுக்கு அம்மலை முற்றும் வழியற்ற மலையாகத் தோன்றவில்லை. எண்ணாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களையும் முதன்முதலாக ஏறிமுடித்தவர் றைன்ஹோல்ட் மெஸ்னர். அவ்வரிசையை அவர் 1986இல் நிறைவு செய்தார். 1980களின் நடுப்பகுதியிற் கயிலையில் ஏறுதற்குச் சீன அரசு அவருக்கு அனுமதி தர முன்வந்தது என்பதும், அவர் அதனை வேண்டாமென்று விட்டார் என்பதும் மலையேறுவோர் உலகத்திற் பரவலாக அறியப்பட்ட செய்தி. 2001ஆம் ஆண்டில் இசுப்பானியக் குழுவொன்று கயிலையில் ஏற அனுமதி பெற்றுள்ளதென்ற செய்தி பரவியபோது பல தேயத்தாரும் கண்டித்தனர். கண்டித்தவருள் மெஸ்னரும் ஒருவர். அதன்பின் கயிலையில் ஏறுதலுக்கு இடமில்லையென்று சீன அரசு அறிவித்தது.

ஆகவே பிள்ளைக்குக் கூறத்தக்க மெய்யான விடை, “ஏற முடிந்திருக்கலாம், வல்லவர்கள் ஏறவேண்டாமென்று விட்டார்கள்” என்பதேயாம். இவ்விடை முன்னதினும் சிறப்புடையது. முன்னதில் மலையின் வன்மை மாத்திரம் உண்டு. இதிலே மனிதரின் ஒழுக்கமும் உண்டு.

இதுகொண்டு மலையேறுவோரை இகழப் புகுதல் நெறியன்று. நம் மேடைகளிலே அவர்களை ஆணவத்தின் வடிவென்று எடுத்துரைப்போர் உளர். அவருட் பலர் சுவாமிமலைப் படிகளில் ஏறும்பொழுதே மூன்றிடத்தில் நிற்பவர். வாரக்கணக்கிற் குளிரையும் பசியையும் பொறுத்து, ஒருவரோடொருவர் கயிற்றாற் பிணைந்து, பிறன் உயிரைத் தன் கைப்பிடியில் தாங்கிச் செல்லும் தொழிலிற் பல நற்குணங்கள் விளையும் என்பதை மறுத்தல் கூடாது. அத்தொழிலின் உயர்ந்த பாடம் ஏறுதலும் அன்று, திரும்புதல். இன்ன மணிக்குள் உச்சியை அடையாவிடின் எங்கிருந்தாலும் திரும்புக என்று புறப்படுமுன்னரே வரையறுத்துக்கொள்வர். மேலே சென்றபின் மூச்சுக்காற்றுக் குறைந்த மூளை நேரிய முடிவு செய்யாது என்பதை அவர் அறிவர். 1996ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் தேதி எவரெஸ்டிலே அவ்வரையறை கைவிடப்பட்டது. பிற்பகலில் நெடுநேரம் கழித்தும் சிலர் மேலேறினர். புயற்காற்று எழுந்தது. அன்றும் மறுநாளுமாக எண்மர் இறந்தனர். அருகில் நிற்கும் உச்சி, தொலைவில் நிற்கும் உச்சியிலும் கொடியது போலும்.

ஆயினும் அபாயங்கருதித் திரும்புதல் வேறு. இயலும்போதே நின்றுவிடுதல் வேறு. முன்னது விவேகம். பின்னதற்கு உதாரணம் கஞ்சன்ஜங்கா. உலகத்தின் மூன்றாவது உயர்ந்த சிகரமாகிய அது 8,586 மீற்றர் உயரமுடையது. சிக்கிம் நாட்டார்க்குத் தெய்வம். 1955ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் தேதி ஜோர்ஜ் பான்ட், ஜோ பிரவுன் என்னும் இருவர் அதன் உச்சியை அடைந்தனர். அடைந்தனர் என்றது முற்றும் பொருந்தாது. உச்சி சில அடித் தொலைவில் இருக்கையில் நின்றுவிட்டனர். உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் அரசருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. மறுநாள் வந்த மற்றிருவரும் அவ்வாறே நின்று திரும்பினர். அங்கே சாட்சி யாருமில்லை. காற்றும் பனியும் அடிச்சுவட்டைச் சில நாழிகையில் அழித்துவிடும். எட்டாயிரத்தைந்நூறு மீற்றர் ஏறிவந்தவனுக்கு எஞ்சிய சில அடியை விடுதல், முதலிலேயே ஏறாதிருத்தலினும் எத்துணை அரிது!

இதற்கு ஒரு தடை கூறுவாருண்டு: அவர்கள் அம்மலையைத் தெய்வமென்று நம்பியவர் அல்லர், அரசருக்குக் கொடுத்த வாக்குக்காகவே நின்றார்கள், அது பக்தியாகுமா? பக்தி ஆகாமற் போகட்டும். தன் தெய்வத்தின்முன் அடங்குதல் எளிது. அதிலே பயனும் அச்சமும் கலந்திருக்கும். பிறர் தெய்வத்தின்முன் அடங்குதலில் அவ்விரண்டும் இல்லை. 1620களிலே சுவாமிமலையிற் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த வரலாற்றை ஆண்டுதோறும் கற்பிக்கும் நமக்கு, பிறர் புனிதமாகக் கொண்டதை வலியவன் மிதித்தல் எத்தகையது என்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

அவுஸ்திரேலியாவின் நடுப்பாலையில் உலுரு என்னும் செந்நிறப் பெரும்பாறை உண்டு. நிலத்தின்மேல் 348 மீற்றர் உயர்ந்து நிற்பது. அனங்கு என்னும் ஆதிக்குடிகளுக்கு அது புனிதத்தலம். 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26ஆந் தேதி அந்நிலத்தின் உரிமை அவர்களுக்கு மீட்டளிக்கப்பட்டது. அதன்பின்னரும் நெடுங்காலம் ஏறுதல் சட்டத்தால் தடுக்கப்படவில்லை. ஏறவேண்டாமென்று அனங்கு மக்கள் வேண்டிக்கொள்ளும் பலகை மாத்திரம் அடிவாரத்தில் நின்றது. காற்று மிகுந்த நாளிலும் வெயில் மிகுந்த நாளிலும் வழி மூடப்படும். முப்பதுக்கு மேற்பட்டோர் அங்கே ஏறப்புகுந்து இறந்துள்ளனர். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் ஏறுதல் முற்றாக நிறுத்தப்படும் என்று அறிவித்தபின், கடைசி நாட்களில் ஏறுவதற்கென்றே மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். கடைசி நாட்காலையிலும் காற்று வலுத்திருந்தமையால் வழிதிறக்கத் தாமதமாயிற்று. கூட்டம் கலையாது காத்திருந்தது. இப்பொழுது எவரும் ஏறுவதில்லை. ஏறாமை இப்பொழுது சட்டம். பலகை மாத்திரம் நின்ற அந்நெடிய ஆண்டுகளிலே, தடுப்பார் இன்றி, பலகையை வாசித்துத் திரும்பிச் சென்றவர் எவரோ அவரே நம் வினாவுக்குரியவர். அவர்தம் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

லடாக்கு நாட்டுக் குளிர்ப்பாலையில் உள்ள ஸ்டொக் காங்ரி என்னும் 6,153 மீற்றர் சிகரத்தை 2020இல் ஏறுவார்க்கு மூடியது வேறொரு காரணத்தால். கூட்டம் மிகுந்து பனியாறு மாசுற, கீழுள்ள ஊரின் நீர் கெட்டது. இங்கே தெய்வம் பேசப்படவில்லை, குடிநீர் பேசப்பட்டது. வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே குளத்தை நம்பி வாழும் ஊரார்க்கு இக்காரணம் தெய்வத்தினும் தாழ்ந்ததாகத் தோன்றாது.

இனி, நம் சித்தாந்தத்தின் உள்ளிருந்தே எழும் தடை ஒன்று உண்டு. அதுவே வலிது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்கின்றோம். எங்கும் நிறைந்தவனுக்குக் கயிலையின் உச்சி சிறந்ததும் கந்தளாயின் வரம்பு தாழ்ந்ததும் ஆகுமோ? வரம்பை நாடோறும் மிதிக்கின்றோம். உச்சியை மிதித்தலில் யாது குற்றம்?

இறைவனுக்குக் குற்றமொன்றுமில்லை என்பதே விடை. மிதித்தலால் அவனுக்கு இழிவும் மிதியாமையால் அவனுக்கு ஏற்றமும் இல்லை. மிதியாமை காலையுடையவன் பொருட்டு ஏற்பட்டது. காரைக்காலம்மையார் கயிலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையாலே நடந்தார். பின்னர் அவ்வம்மையார் திருவாலங்காட்டிலும் தலையால் நடந்தார் என்பதை நினைந்து, திருஞானசம்பந்தர் அவ்வூரை மிதித்தற்கு அஞ்சி அயலிலே தங்கினார் என்று பெரியபுராணம் கூறும். கயிலையை ஒருவர் மிதியாமையால், ஆலங்காட்டை இன்னொருவர் மிதியாமையாயிற்று. இஃது ஊருக்கு உள்ள சிறப்பன்று; மற்றோர் உயிரின் அன்பை மதித்த சிறப்பு. அச்சம்பந்தரே நம் திருக்கோணமலைக்கு வந்தவர் அல்லர். இராமேச்சரத்தில் இருந்தவாறே கோணமலைப் பதிகத்தைப் பாடினார் என்பது புராணம். மிதியாத தலத்தை அவர் அறியாதவராயினார் என்று எவரேனும் சொல்வரோ? சுந்தரர் கயிலைக்குச் சென்றது வெள்ளையானை மீது என்பதையும் பிள்ளைகள் நினைவூட்டுவர்.

மறுபுறத்தில் நிற்பவன் இராவணன். அவன் நம் தீவினனாகச் சொல்லப்படுபவன். சுவாமிமலையில் அவன் பெயரால் வெட்டும் உண்டு. தன் தேர் செல்லும் வழியில் நின்றமையால் கயிலையை எடுக்கப் புகுந்தான். அவன் குற்றம் வலிமையன்று. இறைவன் பின்னர் அவனுக்கு வாளும் நாளும் கொடுத்தான். சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாட்டில் அவனை இடையறாது நினைந்தார். வழியில் நிற்பதெல்லாம் தடை என்று எண்ணியதே அவன் குற்றம். ஆனால் இராவணன் ஏறவில்லை, எடுத்தான். ஆகவே அவனை மலையேறுவோர்க்கு உவமையாக்குதல் முழுதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடல் வேண்டும். உவமையை இழுத்துப் பொருத்துதல் நம் பிரசங்கிகளின் நோய்.

அப்பர் சரித்திரம் இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. முதுமையிலே கயிலை காணப் புறப்பட்டுக் கால் தேயக் கையால் ஊன்றியும், கை தேய மார்பால் நகர்ந்தும், பின்னர் உருண்டும் சென்றார். முனிவர் வடிவில் இறைவன் வந்து, அம்மலை மானுடர் அடைதற்கு அரிது, திரும்புக என்றபோதும் மறுத்தார். இவ்வுடம்போடு காணாது மீள்வதில்லை என்றார். ஆசிரியர் இவ்விடத்தில் அஞ்சுதல் கூடும். 1996இல் திரும்பாது மேலேறி இறந்தவனுக்கும் அப்பருக்கும் வேறுபாடு யாது என்று பிள்ளை கேட்டால்? கேட்கட்டும். அப்பர் தம்பொருட்டுப் பிறர் ஒருவரையும் பனியில் நிறுத்தவில்லை. வழியிலே தொண்டர்களையும் நீங்கித் தனியே சென்றார். தம் சுமையைப் பிறர் முதுகில் ஏற்றவில்லை. வானத்தினின்றும் வாக்கு எழுந்தவுடன், கண்முன் வடக்கே நின்ற மலையை விட்டுத் தெற்கே திருவையாற்றுக்கு ஏவப்பட்டதை ஏற்றுக்கொண்டார். அங்கே குளத்தினின்றும் எழுந்து கயிலைக் காட்சியைக் கண்டார். யானையும் கோழியும் அன்றிலும் துணையோடு வரக் கண்ட அக்காட்சி, பனிமலைக் காட்சியன்று, காவிரிக்கரைக் காட்சி. மீளேன் என்று சொன்னவர் மீண்டார். மீண்டமையால் அவருடைய உறுதி பொய்யாயிற்று என்று எச்சைவரும் எண்ணியதில்லை.

பிறர் முதுகு என்றோம். இஃது ஏறுவோரை மாத்திரம் பற்றியதன்று. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆந் தேதி எவரெஸ்டில் வீழ்ந்த பனிச்சரிவில் இறந்த பதினாறு பேரும் நேபாளத்துத் தொழிலாளர். ஏறவந்த செல்வர்க்கு வழியமைத்தவரும் சுமை காவியவரும் ஆவர். 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் கயிலை யாத்திரை வழியில் மால்பா என்னும் இடத்தில் மலைச்சரிவு நேர்ந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். யாத்திரிகர் ஏறக்குறைய அறுபதின்மர். ஏனையோர் சுமை காவுவோரும் குதிரைக்காரரும் ஊராரும் பிறருமாவர். சிகரத்தை மிதியாத யாத்திரிகனும் மட்டக்குதிரையின் மேலும் கூலியாளின் தோளின் மேலும் சென்றான் ஆயின், அவனுடைய புண்ணியக் கணக்கில் அக்கூலியாளின் பங்கு எழுதப்படவேண்டாமா? வலம்வந்த எண்ணிக்கையைச் சொல்லிச் சபையிலே முன்னிருக்கை தேடுவோரையும் நாம் அறிவோம். இந்திய அரசு நடத்தும் கயிலை யாத்திரை 2020 முதல் நடைபெறாதிருந்து 2025இல் மீண்டும் தொடங்கியது. போகும் வாய்ப்புப் பெற்றோர் போகட்டும். திரும்பிவந்து கொடிக்கம்பம் நாட்டாதிருப்பாராக.

இனி நம்மைப் பற்றிய ஒரு சொல். வாழ்நாளில் கந்தளாய்க் குளத்து அணையினும் உயர்ந்த இடத்தில் மூச்சிளைக்க ஏறாத நாம், கயிலைச் சிகரத்தை மிதியாமையை நமக்கு விரதமாகச் சொல்லிக்கொள்ளுதல் நகைப்புக்கிடமாகும். இயலாததை எவனும் துறத்தல் இல்லை. துறவு ஆற்றலுள்ள இடத்தே தான் உண்டு. அவ்வாற்றல் ஆசிரியனுக்கு எங்கே உளது எனின், நாற்பது பிள்ளைகள் எதிரே இருக்கும் அறையில் உளது. விடை தெரியாது நிற்கும் பிள்ளையை ஒரு சொல்லாலே வகுப்பு முழுதும் நகைக்கச் செய்தல் ஆசிரியனுக்கு மிக எளிது. சட்டம் பிரம்பைத் தடுக்கலாம், அச்சொல்லைத் தடுப்பார் எவருமிலர். சாட்சியும் இல்லை, பிள்ளையின் முகத்திலே தோன்றுஞ் சுவடு பிற்பகலில் மறைந்துவிட்டது போலத் தோன்றும். அந்தச் சில அடியில் நிற்பவர் எத்தனை பேர்?

கந்தளாய்க்கும் கயிலைக்கும் உள்ள தொடர்பு நாம் வலிந்து புனைந்ததன்று. வாயுவும் ஆதிசேடனும் போட்டியிட்டபோது காற்றாலே பெயர்க்கப்பட்டு வீழ்ந்த மூன்று சிகரங்களுள் ஒன்று திருக்கோணமலை என்றும், காளத்தியும் திரிசிராப்பள்ளியும் ஏனையிரண்டு என்றும் தலபுராண மரபு கூறும்; மூன்றும் தென்கயிலை எனப்பட்டன. அது புராணம். கல்வெட்டும் உண்டு. முதலாம் விஜயபாகு மன்னனின் நாற்பத்திரண்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது பதினோராம் நூற்றாண்டின் இறுதியில், பொறிக்கப்பட்ட பளமோட்டைத் தமிழ்ச் சாசனம், கந்தளாயிலிருந்த சிவாலயத்தைத் தென்கயிலாசம் என்று பெயர் கூறுகின்றது. கணவனை இழந்த அந்தணப் பெண்ணொருத்தி அவன் நன்மை கருதி அக்கோயிலுக்கு விட்ட அறக்கட்டளையை அது பதிவு செய்துள்ளது. அவளுக்கு வடகயிலை எட்டாதது. மிதிப்பதா விடுவதா என்னும் வினாவே அவளுக்கு இல்லை. குளத்தங்கரையிலே கயிலை என்று ஒரு கோயில் இருந்தது. அதற்கு அவள் கொடுத்தாள்.

சமயபாட வேளையிலே அம்மையார் சரித்திரத்துக்கு அடுத்த நாள், திபேத்துப் படத்தை விரித்து மழைமறைவையும் காற்றையும் காட்டியபின், கஞ்சன்ஜங்காவில் நின்ற இருவரைப் பற்றிச் சொல்லி, “நீயாயின் என் செய்திருப்பாய்?” என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கலாம். மேல்வகுப்புப் பிள்ளைகளிற் சிலர் ஏறியிருப்பேன் என்பர், அவரை அடக்கற்க. இவ்வினாவுக்குப் பரீட்சையிற் புள்ளி கிடையாது. பத்து நிமிடம் போதும்.